ரிச்சி தெருவில் ஒரு பகல்: கேமிங் பி.சி-யில் முதலில் எதை மாற்றுவது?

சென்னை அண்ணா சாலையில், அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் ரிச்சி தெரு. வழி கேட்கவே வேண்டியதில்லை. தோளில் சி.பி.யு-வைச் சுமந்தபடி ஒருவர் வருவார். மானிட்டர் பெட்டியைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு இன்னொருவர் வருவார். அவர்கள் வரும் திசையில் நடந்தாலே போதும், சந்தைக்குள் வந்துவிடலாம்.

பெயர்தான் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என அக்கம்பக்கத்துத் தெருக்களும் சேர்ந்ததுதான் இந்தச் சந்தை. கம்ப்யூட்டர் என்ற சொல் வீடுகளுக்குள் வருவதற்கு முன்பே, ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் உதிரிபாகங்களுக்குப் பேர்போன இடம் இது. பிறகு டி.வி வந்தது, கேசட் பிளேயர் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, சி.சி.டி.வி வந்தது. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்து நாட்டின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை இதுதான் என்று இங்கிருப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உள்ளே கால் வைத்ததும், "என்ன பாக்குறீங்க? லேப்டாப்பா, கேமராவா, சர்வீஸா?" என்று இரண்டு பக்கமும் குரல் கேட்கும்.

இந்தத் தெருவுக்கு வரும் இளைஞர்களில் பலருக்கு ஒரே கேள்விதான்: "கேம் நல்லா ஓடணும். எதை மாத்தணும்?"

கேள்வி எளிது. ஆனால், தப்பான பதிலுக்கு விலை அதிகம். பல மாதச் சேமிப்பு ஒரே பெட்டியில் போய்விடும். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் கேம் பழையபடியே திணறும். அந்தப் பதிலைத் தேடித்தான், விழுப்புரத்திலிருந்து வந்த என் சித்தி மகனுடன் ஒரு சனிக்கிழமை முழுக்க இந்தத் தெருவில் சுற்றினேன்.

பகலில் பிழைப்பு, இரவில் கேம்

அவன் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறை நாள்களில் கேட்டரிங் வேலைக்குப் போய் 20,000 ரூபாய் சேர்த்திருக்கிறான். பழைய போர்வையில் சுற்றிய கேபினெட்டோடு எழும்பூரில் ரயிலிலிருந்து இறங்கினான்.

"கிராபிக்ஸ் கார்டு மட்டும் மாத்தினா போதும்க்கா. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அந்த கம்ப்யூட்டர் அவனுடையது மட்டுமல்ல. சித்தப்பாவின் டி.டி.பி கடையில் இருப்பது. பகலில் அதில்தான் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மனு எல்லாம் அடிக்கிறார்கள். இரவு கடையை மூடிய பிறகுதான் அது கேமிங் பி.சி. 2018-ல் அசெம்பிள் செய்தது: 6 கோர் கொண்ட இன்டெல் கோர் ஐ5-8400 பிராசசர், 8 ஜி.பி ரேம் ஒன்று, 1 டி.பி ஹார்டு டிஸ்க், 4 ஜி.பி மெமரி உள்ள ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ கிராபிக்ஸ் கார்டு. மானிட்டர் சாதாரண 60 ஹெர்ட்ஸ்.

"மிஷின் போனா ரெண்டு நாள் வருமானம் போச்சு. ஃபைல் போனா எட்டு வருஷம் போச்சு. பார்த்து செய்ங்க" என்று சித்தப்பா போனில் சொன்னார். அதனால் கிளம்புவதற்கு முன்பே எல்லா ஃபைல்களையும் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். கம்ப்யூட்டரைத் திறக்கும் எவருக்கும் இதுதான் முதல் விதி. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் பேக்கப் எடுங்கள்.

"எது நிக்குதுன்னு பாத்தியா?"

கார்டு விற்கும் பெரிய கடைகளைத் தாண்டி, மாடிப்படியை ஒட்டி ஒரு சின்ன சர்வீஸ் கடை. ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து இந்தத் தெருவிலேயே தலை நரைத்தவர் அங்கே உட்கார்ந்திருந்தார். தம்பி கார்டின் பெயரைச் சொல்லி விலை கேட்டான். அவர் விலை சொல்லவில்லை.

"கேம் ஓடும்போது எது நிக்குதுன்னு பாத்தியா தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்.

அவன் முழித்தான். அவரே விளக்கினார். அவர் சொன்ன உதாரணத்தை அப்படியே தருகிறேன். இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு கல்யாணச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பந்திக்கு என்ன போகவேண்டும் என்று உத்தரவு போடும் மேஸ்திரிதான் பிராசசர். அடுப்படியில் நின்று சமைத்துத் தள்ளும் ஆள்கள் கிராபிக்ஸ் கார்டு. காய்கறியை நறுக்கிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் மேடை, ரேம். மூட்டை மூட்டையாகச் சாமான் அடுக்கியிருக்கும் உக்கிராண அறை, ஹார்டு டிஸ்க். எல்லா அடுப்புக்கும் போகும் கேஸ், எஸ்.எம்.பி.எஸ் என்கிற பவர் சப்ளை. சாப்பாடு வந்து விழும் இலை, மானிட்டர்.

பந்தி தாமதமாகிறது என்றால் உடனே இன்னும் நான்கு சமையல்காரர்களைக் கூப்பிடுவதா? உக்கிராண அறையிலிருந்து அரிசி வரவே அரை மணி நேரம் ஆகிறது என்றால், புதிதாக வந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். எல்லோரையும் காத்திருக்க வைப்பது எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'பாட்டில்நெக்' என்பார்கள்.

காசு செலவில்லாத மூன்று சோதனைகள்

இதைக் கண்டுபிடிக்க ரிச்சி தெருவுக்கு வரவே வேண்டாம். இன்று இரவு வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

முதல் சோதனை: கேம் ஓடும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்தில் பிராசசர், மெமரி, டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றும் எத்தனை சதவிகிதம் உழைக்கின்றன என்று தெரியும். கேம் ஓடும் திரையிலேயே இந்த எண்களைப் பார்க்க வேண்டுமென்றால், எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு 95 சதவிகிதத்துக்கு மேலேயே நின்றால், தன்னால் முடிந்ததை அது செய்துவிட்டது என்று பொருள். அது 50, 60-ல் சும்மா இருக்க, கேம் மட்டும் திணறினால், குற்றவாளி வேறெங்கோ இருக்கிறார்.

இரண்டாவது சோதனை: கேமின் செட்டிங்ஸில் ரெசல்யூஷனையும் கிராபிக்ஸ் தரத்தையும் மிகக் குறைவாக வையுங்கள். ஒரு நொடிக்கு வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை, அதாவது எஃப்.பி.எஸ், சட்டென்று ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் சுமையில் இருந்திருக்கிறது. குறைத்தும் எண் அசையவில்லை என்றால் பிராசசரைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது சோதனை: கேம் எப்போதுமே மெதுவாக ஓடுகிறதா, நன்றாக ஓடிக்கொண்டிருந்து நடுநடுவே உறைந்து நிற்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய்கள். எப்போதுமே மெதுவென்றால் பெரும்பாலும் கார்டு அல்லது பிராசசர். திடீர் திடீரென்று நின்று நின்று ஓடினால் ரேம், டிஸ்க், சூடு ஆகியவற்றில் ஒன்றாக இருக்க அதிக வாய்ப்பு.

கடைக்காரர் தம்பியின் கேபினெட்டை மேஜையில் வைத்து மானிட்டரை இணைத்தார். மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு வேலரன்ட் ஓட்டிப் பார்த்தோம். கார்டு 60 சதவிகிதத்தைச் சுற்றியே இருந்தது. ரேம் ஏறக்குறைய நிரம்பி வழிந்தது. டிஸ்க் அடிக்கடி 100-ஐத் தொட்டு அங்கேயே நின்றது. அந்த நேரமெல்லாம் திரை உறைந்தது. அடுத்து ஜி.டி.ஏ 5. அதில் கதை தலைகீழ். தரத்தைக் கூட்டி வைத்ததும் கார்டு 99-ல் போய் ஒட்டிக்கொண்டது.

ஒரே மிஷின், இரண்டு கேம், இரண்டு பதில். "எந்த கேம் உனக்கு முக்கியம்?" என்றார் அவர். கல்லூரி டீமில் ஆடுவது வேலரன்ட் என்பதால், தம்பி அதையே சொன்னான்.

"அப்போ கார்டை அப்புறம் பேசிக்கலாம்."

ரேமும் எஸ்.எஸ்.டி-யும்

அந்தத் தெருவின் கண்ணாடி அலமாரிகளில் ரேம்கள் புளிப்பு மிட்டாய்போல அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வண்ண விளக்கு எரிகிறவை முன்வரிசையில். விளக்கால் கேம் வேகமாக ஓடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இன்றைய கேம்களுக்கு 8 ஜி.பி போதாது. விண்டோஸ், பிரவுசர், டிஸ்கார்டு எல்லாம் சேர்ந்தே அதில் பாதியை விழுங்கிவிடும். 16 ஜி.பி நிம்மதியான அளவு. அதையும் ஒரே குச்சியாக வாங்காமல் எட்டும் எட்டுமாக இரண்டு குச்சிகளாகப் போட்டால் 'டூயல் சேனல்' என்ற முறையில் இரண்டு வழியில் தகவல் போகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், பிராசசரோடு சேர்ந்துவரும் கிராபிக்ஸில் விளையாடுபவர்களுக்கு இந்த மாற்றம் நன்றாகவே தெரியும். அவர்களுடைய கிராபிக்ஸுக்கு மெமரியே இந்த ரேம்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது தலைமுறை. டி.டி.ஆர்4 போர்டில் டி.டி.ஆர்5 ரேம் பொருந்தவே பொருந்தாது. இரண்டுக்கும் வெட்டு விழுந்திருக்கும் இடமே வேறு. வேகம் வேறுபட்ட இரண்டு ரேம்களைச் சேர்த்துப் போட்டால், குறைந்த வேகத்துக்கே இரண்டும் ஓடும். 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை கடுமையாக ஏறியதையும் கணக்கில் வையுங்கள். ஏ.ஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தமாகப் போகத் தொடங்கியதுதான் முக்கியக் காரணம். அதனால் உங்களிடம் இருக்கும் பழைய ரேமைத் தூக்கிப் போடாமல், அதற்கு ஜோடி தேடுவதே இப்போது புத்திசாலித்தனம்.

அடுத்தது உக்கிராண அறை. சாதாரண ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்.பி வரைதான் படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி 500 எம்.பி-க்கு மேல். என்.வி.எம்.இ வகை அதைப்போலப் பல மடங்கு. ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்ற வேண்டும், முள் நகர வேண்டும். எஸ்.எஸ்.டி-யில் அசையும் பாகமே இல்லை. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை எடுக்கும்போதுதான் உண்மையான வித்தியாசம் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.டி மாட்டினால் எஃப்.பி.எஸ் இரட்டிப்பாகாது. கேம் சீக்கிரம் திறக்கும், மேப் சீக்கிரம் வரும், நடுவில் உறைவது குறையும். சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ-க்குத் தாவினால் கேமில் கிடைக்கும் லாபம், ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வரும்போது கிடைக்கும் லாபத்தைவிட மிகச் சிறியது. தம்பியின் போர்டில் என்.வி.எம்.இ மாட்ட இடமே இல்லை. அதனால் சாட்டா. வருத்தப்பட ஒன்றுமில்லை.

மின்சாரம் கொடுக்கும் பெட்டி

கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றியதும் கடைக்காரர் முதலில் தொட்டுப் பார்த்தது எஸ்.எம்.பி.எஸ்-ஸை. கேபினெட்டோடு இலவசமாக வந்தது. ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்டிருந்தது. கையில் தூக்கிப் பார்த்தால் காற்றடைத்த பெட்டிபோல இருந்தது.

"ஸ்டிக்கர்ல எவ்ளோ வேணும்னாலும் எழுதலாம்மா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தம்பி வாங்க நினைத்த கார்டை இதோடு மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் வழியாக 75 வாட் வரைதான் மின்சாரம் கிடைக்கும். அவனுடைய 1050 டி.ஐ அதற்குள் அடங்கிவிடுகிற கார்டு. அதற்குமேல் கேட்கும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்-ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். 6 பின் ஒயர் 75 வாட்டும், 8 பின் ஒயர் 150 வாட்டும் தருவதற்கு ஆனவை. இவனுடையதில் இரண்டுமே இல்லை. மாற்று ஒயர் போட்டு ஒட்டவைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால், தரமில்லாத எஸ்.எம்.பி.எஸ் சுமை தாங்காமல் போகும்போது சில நேரம் போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டே போகும். சித்தப்பாவின் கடையில் இருக்கும் ஒரே மிஷின் அது.

கேமுக்கு ஒரு ஃபிரேம்கூடக் கூட்டித் தராத பாகம்தான் எஸ்.எம்.பி.எஸ். அதனால்தான் பலரும் இதில் மிச்சம் பிடிக்கிறார்கள். '80 பிளஸ்' சான்று பெற்ற, பெயர் தெரிந்த நிறுவனத்தின் பெட்டியாக வாங்குங்கள். அந்தச் சான்று மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதைத்தான் சொல்லும். ஆகவே வாரன்டி எத்தனை வருடம், உங்கள் கார்டுக்குத் தேவையான பின்கள் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கார்டு வாங்குவதாக இருந்தால்

உங்கள் சோதனையில் குற்றவாளி கார்டுதான் என்று தெரிந்துவிட்டால், தயங்காமல் வாங்கலாம். கேமுக்காகச் செய்யும் மாற்றங்களில், சரியான மிஷினில் மாட்டும்போது அதிகப் பலன் தருவது அதுதான். வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள்.

உங்கள் மானிட்டர் எவ்வளவு காட்டும்? 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். கார்டு 150 ஃபிரேம் அனுப்பினாலும் கண்ணுக்கு வருவது 60 படம்தான். மௌஸ் அசைவுக்குக் கொஞ்சம் வேகமான பதில் கிடைக்கலாம், அவ்வளவே. ஏற்கெனவே 100-க்கு மேல் எஃப்.பி.எஸ் வருகிறதென்றால், உங்களுக்குத் தேவை கார்டு அல்ல, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

கார்டு உங்கள் போர்டுக்கு ஏற்றதா? 2022-ல் வந்த ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி கார்டு நல்ல உதாரணம். போர்டோடு பேச அதற்கு நான்கு பாதைகள்தான். புதிய போர்டுகளில் சமாளித்துவிடும். அந்தப் பாதைகளின் வேகம் பாதியாக இருக்கும் பழைய போர்டுகளில், பல கேம்களில் பின்தங்கிவிடும். புதிய கார்டு என்பதாலேயே பழைய மிஷினுக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்றும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோ, கார்டுகளை வைத்துச் சுரங்கம் தோண்டும் முறையையே கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய ஏராளமான கார்டுகள் உலகெங்கும் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து சேர்ந்தன. அவை எல்லாமே கெட்டுப்போனவை அல்ல. ஆனால் ஃபேன் தேய்ந்திருக்கலாம், உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். கடையிலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பழைய காலத்துக் கார்டின் மென்பொருளை மாற்றி, புதிய பெயரில் விற்கும் வேலையும் உண்டு. ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் பல போலிகளின் சாயம் வெளுத்துவிடும்.

பிராசசரைத் தொடுவதற்கு முன்

பிராசசரை மாற்றுவது மட்டும் தனிச் செலவாக நிற்காது. இன்டெல் மிஷின்களில் இரண்டு, மூன்று தலைமுறைக்கு ஒருமுறை போர்டும் மாறிவிடும். எட்டாம் தலைமுறை பிராசசர் உட்கார்ந்த போர்டில் பன்னிரண்டாம் தலைமுறையை வைக்க முடியாது. போர்டை மாற்றினால் ரேமும் மாற வேண்டி வரலாம். கடைசியில் பாதி கம்ப்யூட்டரே புதிதாகிவிடும்.

ஏ.எம்.டி-யின் ஏ.எம்4 போர்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். முதல் தலைமுறை ரைசன் வந்த அதே சாக்கெட்டில் 5000 வரிசை ரைசன் வரை உட்காரும். பல பழைய போர்டுகளுக்கு பயாஸ் அப்டேட் செய்தால் போதும். உங்கள் போர்டின் பெயரை அதன் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, ஏற்றுக்கொள்ளும் பிராசசர்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பிராசசர் திணறுவதாகத் தோன்றினால், மாற்றுவதற்கு முன் ஒருமுறை சுத்தம் செய்து பாருங்கள். தம்பியின் பிராசசர் ஃபேனுக்கு அடியில், கடைத் தூசியும் பேப்பர் தூளும் சேர்ந்து மெத்தைபோலப் படிந்திருந்தது. பிராசசர் குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாத வெயிலில், ஏ.சி இல்லாத அறையில், மூன்று மணி நேரம் விளையாடும் மிஷினுக்கு இது தினசரி நிகழ்ச்சி. கடைக்காரர் புளோயரால் தூசியைத் தள்ளி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினார். சில நூறு ரூபாய் வேலை. அதன் பிறகு பிராசசரின் சூடு பத்து டிகிரிக்குமேல் இறங்கியது.

20,000 ரூபாய் எங்கே போனது?

மாலைக்குள் தம்பி வாங்கியது: ஏற்கெனவே இருப்பதற்கு ஜோடியாக ஒரு 8 ஜி.பி செகண்ட் ஹேண்ட் ரேம், புதிய சாட்டா எஸ்.எஸ்.டி, 8 பின் ஒயர் உள்ள நல்ல எஸ்.எம்.பி.எஸ். சர்வீஸ் கூலியும் சேர்த்து மீதி 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் கையில் நின்றது. பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்ததை அப்படியே எஸ்.எஸ்.டி-க்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஹார்டு டிஸ்க்கும் உள்ளேயே இருக்கிறது, பழைய ஃபைல்களுக்காக.

அதே மேஜையில் மறுபடியும் வேலரன்ட் போட்டோம். ரேமில் இடம் இருந்தது, டிஸ்க் அமைதியாக இருந்தது, திரை உறையவில்லை. ஜி.டி.ஏ 5 மட்டும் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கார்டு அதேதானே. தம்பியின் முகத்தில் பாதி சந்தோஷம், பாதி ஏக்கம். "மீதிக் காசை வெச்சிருக்கேன்க்கா. தீபாவளிக்குள்ள கார்டு" என்றான். இப்போது அவன் எந்தக் கார்டை வாங்கினாலும் அதைத் தாங்கிக்கொள்ள மின்சாரமும் மேடையும் தயார்.

ஊருக்குப் போன மூன்றாவது நாள் சித்தப்பா பேசினார். கேம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "முன்னாடி ஸ்விட்ச்சைப் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வருவேன். இப்ப உக்காரதுக்குள்ள வந்துடுது. கோரல்டிரா பொசுக்குன்னு திறக்குது. நாலு பத்திரிகை சேத்து அடிக்கலாம்போல" என்றார். பையன் சம்பாதித்த காசு அது. கார்டு மட்டும் வாங்கியிருந்தால் இரவில் மட்டும்தான் வேலை செய்திருக்கும். இப்போது பகலிலும் வேலை செய்கிறது.

நம் ஊரில் பல வீடுகளில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். பிள்ளைகளின் படிப்பு, பெரியவர்களின் கணக்கு, வார இறுதியின் கேம் எல்லாம் அதில்தான். அதனால்தான், கேமுக்காக என்று பட்ஜெட் போடும்போதும் வீட்டில் எல்லோருக்கும் பயன்படும் பாகத்தை முதலில் மாற்றுவது நல்லது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது பொது விதி. அதற்கும் பழைய மிஷினில் பெரிய தொகையைக் கொட்டுவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

போவதற்கு முன்...

* ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. மற்ற நாள்களில் காலை 11 மணிக்கு மேல் போனால் கடைகள் திறந்திருக்கும். நிதானமாகப் பேச வேண்டுமென்றால் வார நாள்களின் முற்பகல் நல்லது.

* வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். அரசினர் தோட்டம் மெட்ரோ, சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையம் இரண்டிலிருந்தும் நடந்து வந்துவிடலாம்.

* போர்டு, பிராசசர், ரேம், எஸ்.எம்.பி.எஸ் ஆகியவற்றின் ஸ்டிக்கர்களை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜர் திரையையும் ஒரு போட்டோ. முடிந்தால் கேபினெட்டையே தூக்கிக்கொண்டு போங்கள்.

* முதல் கடையிலேயே வாங்காதீர்கள். மூன்று கடைகளில் விலை கேளுங்கள். பில் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை என்பார்கள். ஜி.எஸ்.டி பில்லோடு வாங்குங்கள். பில்லில் பொருளின் சீரியல் நம்பர் இருக்கட்டும். மூன்றாவது வருடம் வாரன்டி கேட்கப் போகும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

* செகண்ட் ஹேண்ட் பொருளுக்கு எத்தனை நாள் கடை வாரன்டி என்பதைக் கையால் எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தை, தெருமுனை தாண்டினால் செல்லாது.

* கார்டு பெயரைச் சொல்லி விலை கேட்டால் விலை மட்டும்தான் கிடைக்கும். "இந்த கேம், இந்த மிஷின், இந்த இடத்தில் நிற்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். ரிச்சி தெருவில் அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.